131072 என்று எழுதினால் விளக்கு எரியும்

மேசைமேல் ஒரு ராஸ்ப்பெர்ரி பை இருக்கிறது. 2012-இல் வந்த முதல் மாடல். அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஊசிகளில் பதினோராவதிலிருந்து ஒரு கம்பி கிளம்புகிறது. நடுவில் 330 ஓம் ரெசிஸ்டர், அடுத்து ஒரு சிவப்பு எல்ஈடி, கடைசியில் கிரவுண்ட். சிப்பின் கணக்கில் அந்த ஊசிக்கு ஜிபிஐஓ 17 என்று பெயர். இந்த விளக்கை எரியவைக்க வேண்டும். யாரோ எழுதிவைத்த நூலகம் வேண்டாம். லினக்ஸ் கெர்னலுக்குள் போய் உட்காரும் டிரைவர் ஒன்றை நாமே எழுதி, அதன் வழியாக.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு குறிப்பிட்ட முகவரியில் 131072 என்ற எண்ணை எழுதினால் விளக்கு எரியும். அதிலிருந்து 12 பைட் தள்ளி அதே எண்ணை எழுதினால் அணையும்.

ஏன் 131072? அது இரண்டின் 17-ஆம் அடுக்கு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 32 சுவிட்சுகள் கொண்ட பலகையில் 17-ஆம் சுவிட்ச் மட்டும் மேலே, மற்றதெல்லாம் கீழே. எண் என்று நாம் சொல்வது அங்கே சுவிட்சுகளின் நிலைதான். அச்சு இயந்திரம் தாளை இழுப்பதும், நெட்வொர்க் அட்டை ஒரு பொட்டலத்தை அனுப்புவதும், கேமரா கண் திறப்பதும் அடிமட்டத்தில் இதே வேலைதான். ஏதோ ஒரு முகவரியில் ஏதோ ஓர் எண்ணை யாரோ எழுதுகிறார்கள்.

அந்த இடத்துக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். கலைச்சொல் அகராதிகள் பதிவகம் என்கின்றன. இரண்டுமே நம்மைக் கொஞ்சம் தவறான பக்கம் திருப்பிவிடும் சொற்கள். ரிஜிஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு கண்முன் வருகிறது: எழுதினால் எழுதினபடி இருக்கும், எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் மாறாது. புறச்சாதன ரிஜிஸ்டர் அப்படிப்பட்டதில்லை. கோயில் மணிக் கயிற்றை இழுப்பதுபோல, அங்கே எழுதுவது ஒரு செயல். இரண்டு தடவை இழுத்தால் இரண்டு தடவை அடிக்கும். படிப்பதுகூடச் செயல்தான். டிரைவர் எழுதுகிறவர் படும் பாடெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

சாதனத்தை நினைவகம்போல் காட்டும் இந்த ஏற்பாடு பழையது. 1970-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பிடிபி-11 கணினியை வெளியிட்டது. அதன் முந்தைய கணினியான பிடிபி-8-இல் சாதனங்களோடு பேச என்றே தனிக் கட்டளைகள் இருந்தன. பிடிபி-11 அவற்றை எடுத்துவிட்டது. நினைவகமும் சாதனங்களும் யூனிபஸ் என்ற ஒரே கம்பித் தொகுதியில் தொங்கின. 64 கிலோபைட் முகவரி வெளியில் மேலே 8 கிலோபைட் சாதனங்களுக்கு. டெலிடைப்பில் ஓர் எழுத்தை அச்சடிக்க வேண்டுமா? எண்ம (ஆக்டல்) எண்ணில் 177564 என்ற முகவரியைப் படித்து, அதன் 7-ஆம் பிட் 1 ஆகும்வரை காத்திருந்து, பிறகு 177566-இல் அந்த எழுத்தைப் போட வேண்டும். இரும்பு எழுத்து காகிதத்தில் அடிக்கும்.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்தது இந்தக் கணினியில்தான். 1973-இல் அதன் கெர்னலை சி மொழியில் திருப்பி எழுதியபோது, சாதனத்தைத் தொடத் தனிக் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பாயின்ட்டர் போதும். சி மொழியில் டிரைவர் எழுதும் பழக்கம் இவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு அந்த வன்பொருளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்டெல் வேறு வழியில் போனது. அதன் 8086 சிப்பில் 65,536 போர்ட்டுகள் கொண்ட தனி வெளி உண்டு; அதற்கு இன், அவுட் என்று தனிக் கட்டளைகள். இன்றைய பிசியிலும் அந்த வெளி இருக்கிறது. ஆனால் கனமான வேலையெல்லாம் நினைவக முகவரிக்கு எப்போதோ மாறிவிட்டது. ஆர்ம் சிப்புகளில் அது ஒன்றுதான் வழி.

நம் விளக்குக்கு வருவோம். முதல் பையில் இருப்பது பிராட்காம் பிசிஎம்2835 சிப். 2012-இல் வெளியான அதன் புறச்சாதனக் கையேட்டில் 205 பக்கங்கள். அதைத் திறந்து ஜிபிஐஓ பகுதியைப் பார்த்தால், முதல் ரிஜிஸ்டரின் முகவரி ஹெக்ஸ் எண்ணில் 7இ200000 என்று போட்டிருக்கும். (ஹெக்ஸில் 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும்.) அந்த எண்ணை நம்பி டிரைவர் எழுதினால் ஒன்றும் நடக்காது. அது பஸ் முகவரி. சிப்புக்குள் இருக்கும் ஆர்ம் மையத்துக்கு அதே ரிஜிஸ்டர் 20200000-இல் தெரிகிறது. அது பௌதிக முகவரி. கெர்னல் ஓடும்போதோ அந்த எண்ணும் செல்லாது, வேறொரு மெய்நிகர் முகவரி வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று இருப்பவரைப் போல ஒரே ரிஜிஸ்டருக்கு மூன்று பெயர். கையேட்டின் தொடக்கத்திலேயே இதை விளக்கும் படம் ஒன்று உண்டு. அவசரமாகப் புரட்டுகிறவர்கள் தாண்டிப் போய்விடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

பௌதிக முகவரி மாடலுக்கு மாடல் நகர்ந்திருக்கிறது. முதல் பையின் நினைவகம் அதிகபட்சம் 512 மெகாபைட். ஹெக்ஸில் 20000000 என்பது துல்லியமாக அந்த எல்லை. நினைவகம் முடிகிற இடத்தில் சாதனங்கள் தொடங்கின. இரண்டாம் பையில் நினைவகம் ஒரு ஜிகாபைட் ஆனதும் சாதனங்களை மேலே தள்ள வேண்டியிருந்தது. ஜிபிஐஓ 3எஃப்200000-க்குப் போனது. நான்காம் பையில் எஃப்இ200000. பழைய மாடலுக்கு எழுதிய எண்ணை மூன்றாம் பையில் அப்படியே வைத்தால், அந்த முகவரியில் இருப்பது சாதாரண நினைவகம். யாரோ எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் இடம்.

அதனால்தான் இப்போதெல்லாம் முகவரியை டிரைவருக்குள் எழுதுவதில்லை. ஆர்ம் பலகைகள் பெருகப் பெருக, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரல் கெர்னலுக்குள் குவிந்துகொண்டே போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் இதை வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அதன்பின் டிவைஸ் ட்ரீ என்ற முறை ஆர்மில் வேகமாகப் பரவியது. எந்தச் சாதனம் எந்த முகவரியில், எத்தனை பைட் அகலத்தில் இருக்கிறது என்பதைக் கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பில் சொல்லிவிடுவது. பையின் கோப்பில் ஜிபிஐஓவுக்கு 7இ200000, 180 பைட் என்று இருக்கும். பஸ் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றும் வரி அதே கோப்பில் வேறொரு இடத்தில் இருக்கும். டிரைவர் தன் சாதனத்தின் பெயரைச் சொன்னால் கெர்னல் முகவரியைக் கையில் கொடுக்கும்.

கிடைத்த பௌதிக முகவரியை மெய்நிகர் முகவரியாக்கும் ஃபங்ஷனுக்கு ஐஓரீமேப் என்று பெயர். இதைக் கூப்பிடாமல் 20200000-இல் நேராக எழுதிப் பார்க்கலாம். அந்த மெய்நிகர் முகவரியைக் கையாள முடியவில்லை என்று கெர்னல் அலறி, பத்துப் பதினைந்து வரி எண்களைத் துப்பிவிட்டு நின்றுவிடும்.

ஐஓரீமேப் முகவரியை மட்டும் மாற்றித் தருவதில்லை. அந்தப் பக்கம் சாதனத்துக்குரியது என்று பக்க அட்டவணையில் முத்திரையும் குத்துகிறது. இந்த முத்திரை மிக முக்கியம். சாதாரண நினைவகத்தில் நாம் எழுதுவது உடனே நினைவகத்துக்குப் போவதில்லை. செயலிக்குப் பக்கத்திலுள்ள கேஷ் நினைவகத்தில் தங்கி, வசதிப்பட்டபோது போகும். பதிவேட்டுக்கு அது சரி. மணிக் கயிற்றுக்கு? நாம் இழுத்ததை யாரோ குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் அடிக்கிறேன் என்றால் என்ன பயன்? முத்திரை விழுந்தபின் செயலி அந்தப் பக்கத்தைக் கேஷில் வைக்காது.

செயலி சரியாகிவிட்டாலும் கம்பைலர் இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று தடவை எழுதினால் முதல் இரண்டும் வீண் என்று கருதி நீக்கிவிடும் உரிமை அதற்கு உண்டு. ஒரு பிட் மாறும்வரை படித்துக்கொண்டே இரு என்று வளையம் எழுதினால், ஒரு தடவை படித்து, மாறவில்லை, இனியும் மாறாது என்று முடிவுகட்டி முடிவில்லாமல் சுற்றும் நிரலை உருவாக்கிக் கொடுக்கும். பதிவேட்டுக்கு அந்தத் தர்க்கம் சரியானது. இதற்காகவே 1989-இன் சி மொழித் தரத்தில் வோலடைல் என்ற சொல் சேர்ந்தது. ஆனால் லினக்ஸ் கெர்னல் டிரைவர்களில் வோலடைலை நேரடியாகப் பயன்படுத்தாதே என்கிறது. அது கம்பைலரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், செயலியின் வரிசை மாற்றத்தைக் கட்டுப்படுத்தாது.

கெர்னல் தரும் கருவிகள் ரீட்எல், ரைட்எல். 32 பிட்டை ஒரே வீச்சில், ஒரே ஒரு தடவை, சொன்ன வரிசையில் படிக்கவும் எழுதவும். இவற்றுக்குள் வோலடைலும் இருக்கிறது, தேவையான இடத்தில் வரிசையைக் காக்கும் தடுப்பும் இருக்கிறது. அந்தத் தடுப்பு வெறும் சம்பிரதாயம் இல்லை. பிசிஎம்2835-இல் இரண்டு வேறு சாதனங்களை அடுத்தடுத்துப் படித்தால் விடைகள் இடம் மாறி வந்து சேரக்கூடும், அதைச் சமாளிக்கும் சுற்று ஆர்ம் மையத்தில் இல்லை என்று கையேடே எச்சரிக்கிறது. டைமரிடம் கேட்ட கேள்விக்கு ஜிபிஐஓவின் பதில். சாதனம் மாறும்போதெல்லாம் தடுப்பு வை என்பது அந்தக் கையேட்டின் விதி.

ஐஓரீமேப் தந்த முகவரியைச் சாதாரணப் பாயின்ட்டர்போல் யாரும் தவறியும் பயன்படுத்திவிடாதபடி காவலும் போட்டிருக்கிறார்கள். டோர்வால்ட்ஸ் 2003-இல் ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியை எழுதினார். 2004-இல் சாதன முகவரிகளுக்கு ஐஓமெம் என்ற அடையாளம் கெர்னலில் வந்தது. அந்த அடையாளமுள்ள பாயின்ட்டரை நேராகத் தொட்டால் ஸ்பார்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். நிரல் ஓடுவதற்கு முன்பே.

படிப்பதும் செயல்தான் என்றேன். அதே பலகையில் யூஆர்ட் என்ற சீரியல் போர்ட் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எழுத்துகள் 16 இடமுள்ள வரிசையில் நிற்கும். டேட்டா ரிஜிஸ்டரைப் படித்தால் வரிசையின் முதல் எழுத்து கிடைக்கும். கிடைத்ததும் அது வரிசையை விட்டுப் போய்விடும். டோக்கன் சுருளிலிருந்து கிழிப்பதுபோல. இப்போது என்ன இருக்கிறது பார்க்கலாமே என்று பிழை தேடும் நோக்கில் ஒரு வரி கூடுதலாகப் படித்தால், டிரைவருக்குப் போக வேண்டிய எழுத்து நம் கையில் வந்து தொலைந்துவிடும். பார்த்ததாலேயே பிழை உண்டாகும்.

முதல் தடவை இந்த விளக்கை நான் எரியவைத்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. பைக்குத் திரை இணைக்கவில்லை. ஜிபிஐஓ 14, 15 ஊசிகளில் சீரியல் கேபிள் மாட்டி, லேப்டாப்பில் கன்சோலைத் திறந்து வைத்திருந்தேன். டிரைவரைக் கம்பைல் செய்து, அதைக் கெர்னலில் ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த கட்டளையைத் தட்டினேன். திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. கர்சர் அப்படியே நின்றது.

கெர்னல் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கேபிளை மாற்றினேன். மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் சரியாக வரும். இன்ஸ்மாட் கொடுத்ததும் விளக்கு எரியும், கன்சோல் அடங்கும். வேறு வழியில்லாமல் ஈதர்நெட் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். கெர்னல் முழு உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய் மட்டும் அடைபட்டிருந்தது.

காரணம் இது. எழுதும் முன் ஊசிக்கு வேலை சொல்ல வேண்டும்: உள்ளே வாங்குவதா, வெளியே கொடுப்பதா, யூஆர்ட் போன்ற வேறொன்றுக்கு வழிவிடுவதா. ஒவ்வோர் ஊசிக்கும் மூன்று பிட். ஒரு ரிஜிஸ்டரில் பத்து ஊசிகள். 17-க்குரிய இடம் இரண்டாம் ரிஜிஸ்டரில், 21 முதல் 23 வரையான பிட்டுகள். வெளியே கொடு என்பதற்கு 001. ஆகவே நான் எழுதிய எண் இரண்டின் 21-ஆம் அடுக்கு, 2097152. என் ஊசிக்கு அது சரியான எண். ஆனால் 10 முதல் 19 வரை எல்லா ஊசிகளும் அதே ரிஜிஸ்டரில் குடியிருக்கின்றன. 14-உம் 15-உம் யூஆர்ட்டுக்கு வழிவிட 100 என்ற நிலையில் இருந்தவை. நான் எழுதும் முன் அங்கே இருந்திருக்க வேண்டிய எண் 147456. என் எண்ணை அதன்மேல் போட்டதும் அந்த இரண்டு ஊசிகளும் 000 ஆகி, யூஆர்ட்டை விட்டுக் கழன்றுவிட்டன.

சரியான வழி: முதலில் படி, என் மூன்று பிட்டை மட்டும் துடைத்து 001 வை, திரும்ப எழுது. 2244608. ஒரே ஒரு ரீட்எல் கூடுதல். அதைச் சேர்த்ததும் விளக்கும் எரிந்தது, கன்சோலும் பேசியது.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் படித்ததற்கும் திரும்ப எழுதுவதற்கும் நடுவில் இன்னொருவர் அதே ரிஜிஸ்டரை மாற்றிவிட்டால், அவர் செய்ததை நான் அழித்துவிடுவேன். அதனால் அந்த மூன்று அடியையும் ஸ்பின்லாக் போட்டுப் பூட்ட வேண்டும். ஊசிக்கு வேலை சொல்வது எப்போதாவது நடப்பதால் பூட்டு பெரிய சுமை இல்லை. ஆனால் எரிய வைப்பதும் அணைப்பதும் நொடிக்கு லட்சம் தடவை நடக்கலாம். அங்கே சிப்பை வடிவமைத்தவர்கள் செய்திருப்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை. தொடக்க முகவரியிலிருந்து 28-ஆம் பைட்டில் ஏற்றும் ரிஜிஸ்டர், 40-ஆம் பைட்டில் இறக்கும் ரிஜிஸ்டர். இரண்டிலுமே 1 எழுதிய பிட்டுக்குத்தான் வேலை நடக்கும். 0 எழுதிய பிட்டை அது தொடாது. முன்பு என்ன இருந்தது என்று படிக்க வேண்டியதில்லை, பூட்டவும் வேண்டாம். 131072-ஐப் போட்டுவிட்டுப் போகலாம். அண்டை ஊசிகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பூட்டு என்ற பிரச்சினையையே இரண்டு முகவரிகளாகப் பிரித்து இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

என் தவறுக்கு மின்சாரத்தைத் துண்டித்தால் போதுமாக இருந்தது. 2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருக்கு அது போதவில்லை. இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள அவர்களுடைய கணினிகளில் ஈதர்நெட் செத்துப்போனது. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் வரவில்லை, வேறு இயங்குதளத்திலும் வரவில்லை. சிப் தன் அமைப்புகளை வைத்திருக்கும் நிலையான நினைவகமே பாழாகியிருந்தது. சந்தேகம் அந்தச் சிப்பின் இ1000இ டிரைவர் மேல் விழுந்தது. அந்த நினைவகத்தில் எழுத முடியாதபடி பூட்டும் திருத்தத்தை முதலில் சேர்த்தார்கள். உண்மைக் காரணம் அக்டோபரில் வெளிப்பட்டபோது, அது நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இருந்தது.

எஃப்ட்ரேஸ் என்பது கெர்னலின் ஃபங்ஷன்கள் ஓடுவதைக் கவனிக்கும் கருவி. ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் இருக்கும் ஒரு கட்டளையின் முகவரியைக் குறித்துக்கொண்டு, பிறகு அங்கே போய் அதை மாற்றும். ஆனால் தொடக்க வேலைக்கு மட்டுமே உள்ள ஃபங்ஷன்களின் இடத்தைக் கெர்னல் வேலை முடிந்ததும் விடுவித்துவிடும். காலியான அந்த மெய்நிகர் முகவரியை ஐஓரீமேப் எடுத்து இன்டெல் சிப்பின் நினைவகத்துக்குக் கொடுத்துவிட்டது. எஃப்ட்ரேஸ் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு அங்கே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவில்லை. தான் எதிர்பார்த்த கட்டளை இருந்தால் மட்டும் மாற்று, இல்லாவிட்டால் விட்டுவிடு என்ற ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் கொடுத்தது. எதிர்பார்த்தது அங்கே இல்லை. ஆனால் எக்ஸ்86 செயலியில் அந்தக் கட்டளை ஒப்பீடு தோற்றாலும் பழைய மதிப்பையே ஒரு தடவை திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் ஐந்தின்மேல் ஐந்தை எழுதினால் ஒன்றும் ஆகாது. சாதனத்தில் அது இன்னொரு இழுப்பு. மணி அடித்துவிட்டது. அடுத்து வந்த 2.6.27.1 பதிப்பில் எஃப்ட்ரேஸின் அந்த வசதியை முடக்கினார்கள்.

கெர்னலின் பல பழக்கங்களுக்கு இப்படியொரு வலி பின்னால் இருக்கும். சாதன முகவரியை முதலில் உன் பெயரில் பதிவு செய் என்பது அவற்றில் ஒன்று. முறைப்படி கேட்டிருந்தால் என் டிரைவருக்கு ஜிபிஐஓ கிடைத்தே இருக்காது. பிசிஎம்2835-க்கென்று கெர்னலிலேயே உள்ள டிரைவர் ஏற்கெனவே அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது, வேறு ஆள் இருக்கிறார் என்று பதில் வரும். நான் பதிவு செய்யாமல் ஐஓரீமேப் மட்டும் கூப்பிட்டேன். கற்றுக்கொள்ள அது போதும். விற்பனைக்குப் போகும் கருவியில் ஊசியைக் கெர்னலின் ஜிபிஐஓ அமைப்பிடம் கேட்டு வாங்க வேண்டும். பூட்டு, பங்கீடு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்.

அன்று இரவு கடைசியாக டிரைவரை இறக்கினேன். ஆர்எம்மாட் பிழையில்லாமல் முடிந்தது. பட்டியலில் டிரைவர் இல்லை, மெய்நிகர் முகவரியையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சிப்புக்குள் அந்த ஊசி உயரத்தில் நிற்கிறது; இறங்கு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வெளியேறும் ஃபங்ஷனில், முகவரியைத் திருப்பிக் கொடுக்கும் ஐஓஅன்மேப் வரிக்கு மேலே ஒரு ரைட்எல் சேர்த்தேன்: தொடக்கத்திலிருந்து 40, 131072. அந்த வரி கீழே போனால் முகவரி ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருக்கும், கெர்னல் அலறும். மறுபடி கம்பைல் செய்து ஏற்றினேன், எரிந்தது. இறக்கினேன். அணைந்தது.